கதவைத் தட்டத் தெரிந்தவர்கள்



இந்த மாத இளைஞர் வகுப்புக்குச் சேவை பற்றி ஒரு பாடம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் பொறியியல் மாணவன், மருத்துவம் படிக்கவில்லை. ஆனாலும் பொதுச் சுகாதாரத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதுவும் பிலிப்பைன்ஸ் இளைஞர்களை வைத்து. "நம்ம வகுப்புக்கும் பிலிப்பைன்ஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். அதற்கு முன் நான் தோற்றுப்போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் நம் கிளை சார்பாக ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் டெங்கி விழிப்புணர்வுக்குப் போனோம். எட்டுப் பேர், நானூறு துண்டுப்பிரசுரம். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டோம். முடித்துவிட்டோம் என்றால், கதவு இடுக்கில் செருகிவிட்டு வந்துவிட்டோம் என்று அர்த்தம். ஒரு பாட்டி மட்டும் கதவைத் திறந்து, "தம்பி, போன மாசமும் இதே பேப்பரைத்தான் குடுத்தாங்க" என்றார். நான் சிரித்துக்கொண்டே "வெச்சுக்குங்க பாட்டி" என்று சொல்லி அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன். படம் எடுத்தோம், குழுவில் போட்டோம். அடுத்த சில வாரங்களிலேயே அதே புளோக்கில் இரண்டு பேருக்கு டெங்கி வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இதை நான் பெருமையாகச் சொன்னது ஒரு பிலிப்பைன்ஸ் தாதியிடம். பொதுச் சுகாதாரம் மேற்படிப்புக்காக எங்கள் யூனிக்கு வந்திருந்தார். அவருடைய நாட்டு மாணவர்கள் அவரை "ஆத்தே" என்று கூப்பிடுவார்கள். பிலிப்பினோ மொழியில் அக்கா என்று பொருள். நம் காதுக்குச் சிரிப்பாக இருந்தாலும், கொஞ்ச நாளில் நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். நானூறு பிரசுரக் கதையைக் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எத்தனை வீட்டில் உட்கார்ந்தீர்கள்?"

ஒன்றில்கூட இல்லை.

அந்தக் கேள்வியை அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்பதுதான் இந்தப் பாடம்.

கடல் தாண்டி வந்த கிருமி

2019 டிசம்பர் 8-ஆம் தேதி நம் சுகாதார அமைச்சு ஒரு செய்தி வெளியிட்டது. சபாவில், துவாரானைச் சேர்ந்த மூன்று மாதக் குழந்தைக்கு இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ. மலேசியாவில் 27 ஆண்டுகளுக்குப் பிறகு கண்டறியப்பட்ட முதல் போலியோ நோயாளி அந்தக் குழந்தை. கிருமியின் மரபணுவைச் சோதித்தபோது, அது பிலிப்பைன்ஸில் பரவிக்கொண்டிருந்த கிருமியோடு தொடர்புடையது என்று தெரிந்தது.

அதற்கு மூன்று மாதம் முன்புதான், செப்டம்பர் 19-இல், பிலிப்பைன்ஸ் தன் நாட்டில் போலியோ திரும்பிவிட்டதாக அறிவித்திருந்தது. 2000-ஆம் ஆண்டில் போலியோ இல்லாத நாடு என்று பெயர் வாங்கி, 19 ஆண்டுகள் கழித்து. முதல் நோயாளி மிண்டானாவ் தீவில் லானாவ் டெல் சூர் மாநிலத்தைச் சேர்ந்த மூன்று வயதுச் சிறுமி. மணிலா, டாவாவ் நகரங்களின் கழிவுநீரிலும் கிருமி தென்பட்டது.

கழிவுநீர் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் பாடம் அது. போலியோ கிருமி குடலில் வளர்கிறது, மலத்தோடு வெளியேறுகிறது. அதனால் ஒரு குழந்தைக்குக் கால் விளங்காமல் போவதற்கு முன்பே சாக்கடை நீர் நமக்குச் சேதி சொல்லிவிடும். வாயில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறார்களே, அந்த மருந்தில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமி. எல்லாக் குழந்தைகளும் மருந்து எடுத்துக்கொண்ட ஊரில் அது போகும் வழி தெரியாமல் அழிந்துபோகும். பாதிப் பேர் எடுக்காமல் விட்ட ஊரில், அது ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குத் தாவித் தாவி, மாத, வருடக் கணக்கில் உருமாறி, மறுபடியும் முடக்கும் வலிமையைப் பெற்றுவிடும். பிலிப்பைன்ஸிலும் சபாவிலும் பரவியது இந்த வகைக் கிருமிதான். குற்றம் மருந்தில் இல்லை, மருந்து போய்ச் சேராத வீடுகளில் இருந்தது.

அக்கரையில் ஒரு வீட்டுக் கதவு திறக்கவில்லை என்றால் இக்கரையில் ஒரு குழந்தைக்கு ஆபத்து. இப்போது சம்பந்தம் புரிகிறதல்லவா?

கதவு ஏன் மூடிக்கொண்டது?

தீவுகள் நிறைந்த நாடு என்பதால் மருந்து போய்ச் சேருவதே சிரமம். அவர்கள் கணக்கில் 7,641 தீவுகள். லானாவ் டெல் சூரில் இன்னொரு பாடும் உண்டு. அதன் தலைநகரான மாராவியில் 2017-இல் ஐந்து மாதம் சண்டை நடந்து, லட்சக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ஓடுகிறவர்களிடம் தடுப்பு மருந்து அட்டையை எங்கே தேடுவது?

இவை போதாதென்று நம்பிக்கையும் உடைந்தது. 2016 ஏப்ரலில் டெங்வாக்சியா என்ற டெங்கித் தடுப்பூசியை அந்நாட்டு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கியது. 800,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். 2017 நவம்பர் 29-இல் தயாரிப்பு நிறுவனமே ஓர் அறிக்கை விட்டது: இதற்குமுன் டெங்கி வராதவர்கள் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால், பின்னால் டெங்கி வரும்போது அது கடுமையாகத் தாக்கக்கூடும். திட்டம் உடனே நிறுத்தப்பட்டது. தொலைக்காட்சியில் அழும் பெற்றோர், நாடாளுமன்ற விசாரணை, வழக்கு என்று மாதக்கணக்கில் அதே பேச்சு.

தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாகச் சொன்னவர்கள் 2015-ஆம் ஆண்டு ஆய்வில் 93 விழுக்காடு. 2018-இல் அது 32 விழுக்காடு. டெங்கி ஊசி மேல் வந்த பயம் எல்லா மருந்துகள் மேலும் படிந்தது. 2019 பிப்ரவரியில் தட்டம்மை பரவலை அறிவித்தார்கள். பல நூறு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகள். அந்த ஆண்டே போலியோவும் வந்தது.

இந்த நிலையில் துண்டுப்பிரசுரம் கொடுத்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரியும். கதவு இடுக்கில் கிடக்கும்.

பதினாறு வயதில் ஒரு விருந்தாளி

ஆத்தே மிண்டானாவ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். பள்ளியில் படிக்கும்போது 'யெஸ்' எனப்படும் கென்னடி–லூகர் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் தேர்வாகி ஒரு கல்வியாண்டு அமெரிக்கா போய் வந்தவர். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002-இல் அமெரிக்க அரசு தொடங்கிய திட்டம் அது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளிலிருந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களை அழைத்து, அங்குள்ள ஒரு குடும்பத்தோடு தங்கவைத்துப் படிக்கவைப்பார்கள். மலேசியாவும் இதில் உண்டு.

இது ஒன்றுதான் என்றில்லை. ஜப்பானும் ஆசியான் நாடுகளும் சேர்ந்து 1974-இல் தொடங்கிய இளைஞர் கப்பல் திட்டம் நம் பெற்றோர் காலத்திலேயே பிரபலம். கப்பலில் பல நாட்டு இளைஞர்களோடு பயணம், இறங்குகிற ஊரில் ஒரு குடும்பத்தோடு தங்கல். 18 முதல் 35 வயது வரையுள்ள தென்கிழக்காசிய இளைஞர்களுக்காக 2013-இல் அமெரிக்கா இன்னொரு திட்டத்தையும் தொடங்கியது. இப்படிப் போய் வந்த பிலிப்பைன்ஸ் இளைஞர்களில் தாதிகள், மருத்துவர்கள், சுகாதாரத் தன்னார்வலர்கள் என்று பலர் உண்டு.

"அமெரிக்காவில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று ஆத்தேயிடம் கேட்டேன். ஆங்கிலம், தலைமைத்துவம் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது: "அடுத்தவர் வீட்டில் எப்படி இருப்பது என்று."

அந்த ஊரில் தலையில் முக்காடு போட்ட பெண் அவர் ஒருவர்தானாம். முதல் சில வாரம் பக்கத்து வீட்டார் தூரத்திலிருந்தே பார்ப்பார்களாம். "அவர்களுக்கு என்னைப் பற்றிப் பயம் இருந்தது. அது தப்பு என்று நான் பிரசங்கம் செய்யவில்லை. அவர்கள் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். கிறிஸ்துமஸுக்குள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்."

ஒரு வருடம் முழுக்க, பிறர் பயந்து பார்க்கிற ஆளாக இருந்து பழகியவர் அவர். பயப்படுகிறவர் மேல் கோபப்படக்கூடாது என்பது அவருக்குப் புத்தகத்தில் வந்த பாடம் அல்ல.

ஒரு பெட்டி ஐஸ், ஒரு பாட்டி

2019 அக்டோபரில் பிலிப்பைன்ஸ் 'சபாயாங் பாத்தாக் கொன்ட்ரா போலியோ' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 'பாத்தாக்' என்றால் சொட்டு. போலியோவுக்கு எதிராக ஒரே நேரத்தில் எல்லாருக்கும் சொட்டு என்று பொருள். ஆத்தே அப்போது தாதியர் படிப்பு மாணவி. தோளில் ஐஸ் பெட்டி, கையில் பெயர்ப்பட்டியல். மருந்து கொடுத்த குழந்தையின் விரலில் மை வைக்க வேண்டும்.

பொறியியல் மாணவர்கள் ரசிக்க ஒரு விஷயம் சொல்கிறேன். அந்த மருந்துக் குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்லது. வெயிலும் சூடும் பட்டுச் சதுரம் கருத்துக்கொண்டே வந்து, வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். மின்சாரம் வேண்டாம், கருவி வேண்டாம், எழுத்துகூடத் தெரிய வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து விமானம், லாரி, ஜீப்னி, படகு என்று அந்தக் குப்பி குளிர் குறையாமல் வீட்டு வாசல் வரை வந்துவிடுகிறது.

வாசலில் ஒரு பாட்டி நிற்கிறார். "என் பேத்திக்கு வேண்டாம். டிவியில் பார்த்தேன், பிள்ளைகள் செத்துப்போகிறார்கள்."

கூட வந்த மாணவர் ஒருவர் "அது வேறு மருந்து, இது வேறு" என்று ஆரம்பித்தாராம். உண்மைதான். ஆனால் கதவு சாத்தப்பட்டது. மறுநாள் ஆத்தே, அந்தப் பாரங்காயின் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவரோடு திரும்பிப் போனார். பாரங்காய் என்பது அங்கே ஆகச் சிறிய ஆட்சிப் பிரிவு, நம் கம்போங் போல. ஒவ்வொன்றிலும் சுகாதாரத் தன்னார்வலர்கள் உண்டு, பெரும்பாலும் நடுவயதுப் பெண்கள். கிடைப்பது சொற்ப உதவித்தொகை. எந்த வீட்டில் யார் கர்ப்பம், யாருக்கு இருமல் என்பது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. 1995-இல் அவர்களுக்கென்று ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள்.

தன்னார்வலர் அம்மா உள்ளே போனார், உட்கார்ந்தார். ஆத்தேயும் உட்கார்ந்தார். பாட்டிக்கு என்ன பயம் என்று கேட்டார். பாட்டி அரை மணி நேரம் பேசினார். முடிந்ததும் ஆத்தே சொன்னாராம், "நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பேத்தி மேல் அக்கறை இல்லாதவர் பயப்படமாட்டார்." பிறகுதான் மருந்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். அன்றைக்கும் பாட்டி சம்மதிக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

2021 ஜூனில் பிலிப்பைன்ஸில் அந்தப் போலியோ பரவல் முடிவுக்கு வந்ததாக அறிவித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மலேசியாவிலும் முடிவுக்கு வந்தது. எத்தனை பாட்டிகளிடம் எத்தனை முறை உட்கார்ந்திருப்பார்கள் என்பதற்குக் கணக்குக் கிடையாது.

துணிக்கூடையில் ஒரு குழந்தை

வெளிநாடு போய்க் கற்று, ஊருக்குத் திரும்பி வந்து பயன்படுவது பிலிப்பைன்ஸில் பழைய வழக்கம். அமெரிக்க ஆட்சிக் காலத்தில், 1903-லேயே, 'பென்சியோனாடோ' என்ற பெயரில் சுமார் 100 மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து அரசுப் பணி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

1936-இல் ஃபே டெல் முண்டோ என்ற இளம் மருத்துவர் உதவிச்சம்பளம் பெற்று அமெரிக்கா போனார். குழந்தை மருத்துவத்தில் மேல்பயிற்சி எடுத்துக்கொண்டு 1941-இல் திரும்பினார். போர்க்காலத்தில் மணிலாவில் சிறைவைக்கப்பட்டிருந்த வெளிநாட்டவரின் குழந்தைகளைக் கவனித்தார். பின்னர் சொந்த வீட்டையும் உடைமைகளையும் விற்று, 1957-இல் குழந்தைகளுக்கென ஒரு மருத்துவமனையைத் திறந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய இன்குபேட்டர். குறைமாதக் குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் பெட்டி அது. கிராமத்தில் மின்சாரம் இல்லையே, என்ன செய்வது? துணி போடும் மூங்கில் கூடைகள் இரண்டு, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சிறியதைப் பெரியதற்குள் வைத்து, இடைவெளியில் வெந்நீர்ப் புட்டிகளை அடுக்கினார். உள்ளே குழந்தை. அமெரிக்காவில் பார்த்ததை அப்படியே கொண்டுவந்து இறக்கியிருந்தால் அது தூசி படிந்து கிடந்திருக்கும். கிராமத்து வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்ததால்தான் குழந்தை பிழைத்தது.

இன்னொருவர் டாக்டர் ஹுவான் ஃப்ளாவியேர். கிராமங்களில் வருடக்கணக்கில் வேலை செய்தவர். 1969-இல் அமெரிக்காவில் பொதுச் சுகாதாரப் பட்டம் பெற்றுத் திரும்பினார். விவசாயிகளின் பேச்சிலிருந்தே உவமை எடுத்து மருத்துவம் விளக்குவார். சுகாதார அமைச்சரானதும், டாக்டரே இல்லாத நகராட்சிகளுக்கு இளம் மருத்துவர்களை அனுப்பும் திட்டத்தை 1993-இல் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

திரும்பாதவர்கள்

எல்லாரும் திரும்பினார்கள் என்று எழுதினால் நான் பொய் சொன்னவனாவேன். 1948-இல் அமெரிக்கா ஒரு பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு வருடம் வேலையோடு பயிற்சி, பிறகு ஊர் திரும்ப வேண்டும். 1956 முதல் 1969 வரை 11,000-க்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் தாதிகள் அதில் போனார்கள். பல மருத்துவமனைகள் அவர்களைப் பயிற்சி மாணவர்களாக நடத்தவில்லை, குறைந்த சம்பள ஆட்களாக நடத்தின. 1965-இல் அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டம் மாறியதும் அங்கேயே தங்குவது எளிதாகிவிட்டது. இன்று உலகமெங்கும் பிலிப்பைன்ஸ் தாதிகள் இருக்கிறார்கள். அவர்கள் ஊரிலோ ஆள் பற்றாக்குறை.

இதை ஆத்தேயிடம் கொஞ்சம் கிண்டலாகவே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "என் அக்கா வெளிநாட்டில் தாதி. அவர் அனுப்பிய பணத்தில்தான் நான் படித்தேன். அவரைத் திரும்பாதவர் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பாய்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நம் அண்ணன்மார், அக்காமார் முகம்தான் நினைவுக்கு வந்தது. யாரையும் தீர்ப்புச் சொல்ல இந்தப் பாடம் எழுதப்படவில்லை. கற்றது எந்த வழியிலாவது பிறந்த இடத்துக்கு வந்து சேர்கிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளத்தான்.

நம் மரபில் இது

சுவாமி விவேகானந்தர் 1893-இல் சிகாகோ போன கதை நமக்கு மனப்பாடம். அவர் திரும்பி வந்தபின் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்காது. 1897 மே 1-இல் இராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பிளேக் பயம் வந்தது. மக்கள் நோய்க்குப் பயந்தார்கள், தடுப்பூசிக்கும் பயந்தார்கள். சுவாமிஜி அவர்கள் மொழியிலேயே ஆறுதலும் அறிவுரையும் சொல்லி வேண்டுகோள் வெளியிட்டார். 1899-இல், அயர்லாந்தில் பிறந்த சகோதரி நிவேதிதை அந்நகரின் தெருவில் துடைப்பம் எடுத்துக் கூட்டினார். வெளியூர்ப் பெண் கூட்டுவதைப் பார்த்து உள்ளூர் இளைஞர்கள் வெட்கப்பட்டுச் சேர்ந்துகொண்டார்கள் என்பார்கள்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு பகுதி சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாகப் பக்கத்திலிருந்து கவனிப்பவர். நாம் எல்லாரும் டாக்டராக முடியாது. மருந்து கண்டுபிடிக்கவும் முடியாது. நான்காவது இடம் நம் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. கோயிலில் உழவாரப் பணிக்குத் துடைப்பம் எடுக்கிற கை, பக்கத்துப் புளோக்கிலும் எடுக்கலாமே.

வகுப்பில் கலந்துரையாட

1. உங்கள் கிளை கடைசியாகச் செய்த சேவையில், மக்கள் பேசி நீங்கள் கேட்டது எத்தனை நிமிடம்?

2. ஒருவர் தடுப்பூசி வேண்டாம் என்கிறார். அவரிடம் உங்கள் முதல் வாக்கியம் என்ன? இருவர் இருவராக நடித்துப் பாருங்கள். மறுப்பவராகவும் ஒரு முறை நடிக்க வேண்டும்.

3. உங்கள் தாமானில் எந்த வீட்டில் என்ன பிரச்சினை என்று தெரிந்தவர் யார்? அவரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்தீர்களா?

4. வெளிநாட்டுப் படிப்புக்கோ பரிமாற்றத் திட்டத்துக்கோ விண்ணப்பிக்க நினைப்பவர்கள், திரும்பி வந்ததும் முதல் மாதத்தில் செய்யப்போகும் ஒரு காரியத்தை எழுதுங்கள். நானும் எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசியாக, அந்தப் பாட்டி. போன மாதம் பிரசுரம் எதுவும் இல்லாமல் தனியாகப் போனேன். என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. உட்காரச் சொன்னார், தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். மகன், மருமகள், முட்டிவலி என்று பேச்சு போனது. எழுந்திரிக்கும்போது, "பாட்டி, இங்க கொசு எங்கருந்து வருதுன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"என் வீட்ல ஒரு சொட்டு தண்ணி நிக்காது தம்பி. கீழ படிக்கட்டுக்குப் பின்னால உடைஞ்ச தொட்டி ஒன்னு கெடக்கு. ஒரு வருஷமா சொல்றேன். யாரும் கேக்கல" என்றார்.

போய்ப் பார்த்தோம். இருந்தது. தண்ணீருக்குள் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. இரண்டு பேர் சேர்ந்து கவிழ்த்துவிட்டோம். பத்து நிமிட வேலை.